கப்பல்காரப் பையனும் கட்டிங் மாஸ்டரும்

9 ஜனவரி

பாப்பா அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி காலி பண்ணமாட்டேன் என்கிறது. நீ நலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் நான் போடப்போகிற சண்டையைத் தாங்கமாட்டாய்.

உன் கடிதம் வந்தது. பிரித்ததும் முதல் வரியே, "ஒரு பையன் என் மனசைக் கெடுத்துவிட்டான். வயது பத்தொன்பது." அடுத்த வரி அவன் கண்ணைப் பற்றி. அதற்கடுத்தது அவன் குரலைப் பற்றி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் அறையில் எனக்கு மேல்கட்டிலில் படுக்கிறவர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, யாராவது தவறிட்டாங்களா?" என்றார். "இன்னும் இல்ல, நான்தான் போகப்போறேன்" என்றேன். இரண்டாம் பக்கம் திருப்பின பிறகுதான், அது பாப்பா விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன கதைப்புத்தகத்தில் வருகிற பையன் என்று போட்டிருக்கிறாய். அதை முதல் வரியில் போட்டால் உன் பேனா தேய்ந்துவிடுமா?

கையெழுத்தும் கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. அவ்வளவு பரவசமா?

சரி, நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் கப்பலில் போகிறான், செம்மண் கிரகத்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் செடி வளர்க்கிற ஒருத்தியைக் காதலிக்கிறான். எல்லாம் சரி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் நான், ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அவன் துணியை யார் துவைக்கிறார்கள்? மாதக்கணக்கில் ஒரே சட்டையோடு இருக்கிறவனைத்தான் நீ மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் ரசிக்கிறாய்.

இன்னொன்று. இன்னும் மூன்று வருடம் இருக்கிறாயா என்று சூப்பர்வைசர் கேட்கிறார். ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போடவேண்டுமாம். நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
துவைத்த சட்டை போட்ட உன் வீட்டுக்காரன்


28 ஜனவரி

பாப்பா அப்பாவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்காலை நான் கேட்டதாகச் சொல்லவும்.

படுத்துக்கொண்டே எழுதினேன், அதனால் கையெழுத்து கோணல். இப்போதும் அப்படித்தான். கண்டுகொள்ளாதீர்கள்.

அந்தப் பையனின் துணியைக் கப்பலே துவைத்துவிடும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் வேலைக்கு அங்கே இடமில்லை.

புத்தகத்தை இப்போது எங்கள் தையல் கூடத்துக்கே கொண்டுபோய்விட்டேன். மத்தியானத்துக்கு மேல் நான் சத்தமாகப் படிப்பேன், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பொத்தான் தைப்பார்கள். என் பங்குச் சட்டைகளை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து அவர்களே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற அக்காவுக்கு அவன் பேரைச் சொன்னாலே முகம் சிவக்கிறது. அவருக்குப் பேத்தி இருக்கிறாள். "அவன் பேர் வாயில நுழையல, கப்பல்காரன்னே வச்சுக்குவோம்" என்று அவர்தான் பேர் வைத்தார்.

அவனிடம் எல்லோருக்கும் பிடித்தது எது தெரியுமா? அவன் பேசுகிறது அவளுக்குப் போய்ச்சேரவே மாதக்கணக்காகும். பதில் வர இன்னும் மாதங்கள். ஆனாலும் நாள் தவறாமல் பேசிப் பதிந்து அனுப்புகிறான். என்ன சாப்பிட்டான், என்ன நினைத்தான், எதற்குப் பயந்தான், எல்லாம். போன வருடம் எனக்கு வந்த கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நாலு வரி. நலம், பணம் அனுப்பினேன், மழை, நலம்.

நேற்று கட்டிங் மாஸ்டர்கூடக் கத்தரியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கூடாரத்தில் செடி கருகுகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் கேட்கிற கையெழுத்து விஷயம் உங்கள் இஷ்டம்.

பாப்பா அம்மா


16 பிப்ரவரி

பாப்பா அம்மாவுக்கு,

நலம். நலமா? இந்தச் சடங்கு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

யார் அந்தக் கட்டிங் மாஸ்டர்? நான் அங்கே இருந்தபோது எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டு ஒரு கிழவர் இருந்தாரே, அவரா? அவர் போய்ப் புதிதாக வந்தவரா? மீசை உண்டா? துணியை வெட்டுகிறவருக்கு வேலை கையில்தானே, கண்ணில் என்ன வேலை? ஆம்பளை அழுதால் உங்களுக்கெல்லாம் உடனே "பாவம்" வந்துவிடும். நான்கூட இங்கே தினமும் அழுகிறேன். சோப்புத் தூள் புகை. யாரும் வந்து உட்காரவில்லை.

நாலு வரி என்று குத்திக்காட்டிவிட்டாய். இதோ வாங்கிக்கொள்.

காலையில் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டேன். முட்டை அதிகமாக வெந்து மஞ்சள் கரு பச்சையாகியிருந்தது. ஷிப்ட் தொடங்கினதும் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அதை ஒருத்தர் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து உதறி, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வந்து முனையைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போகவேண்டும். எனக்கு ஜோடி மேல்கட்டில்காரர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர் முகத்துக்கு நேராகப் போகிறேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் வெங்காயம் அதிகம் சாப்பிடுகிறவர்.

என்ன நினைத்தேன் என்றால், எதிரே நீ நின்று மடித்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். நினைப்பில் முனையை விட்டுவிட்டேன். விரிப்பு தரையில் விழுந்து, மறுபடி துவைக்கப் போனது. சூப்பர்வைசர், "உனக்கு என்னய்யா புதுசா கல்யாணம் ஆன மாதிரி?" என்று கத்தினார்.

எதற்குப் பயந்தேன் என்றும் எழுதவேண்டுமா? பத்தொன்பது வயதுப் பயல் ஒருத்தனுக்குப் பயந்தேன், போதுமா. அவனாவது காகிதத்தில் இருக்கிறான், போகட்டும். கத்தரியோடு இருக்கிறவர் காகிதத்தில் இல்லையே.

எண்ணிப் பார், நாலு வரியா இது?

கண்ணீரில்லாத உன் வீட்டுக்காரன்


10 மார்ச்

பாப்பா அப்பாவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம்.

வெங்காய விஷயத்தைக் கூடத்தில் படித்துக் காட்டினேன். காஜா அக்கா சிரித்ததில் ஊசி விரலில் ஏறிவிட்டது. "உன் வீட்டுக்காரர் இவ்வளவு பேசுவாரா?" என்று கேட்டார். "எனக்கே இப்பதான் தெரியும்" என்றேன். விரிப்பு கீழே விழுந்ததை மட்டும் படிக்கவில்லை. அதை நான் வைத்துக்கொண்டேன்.

கட்டிங் மாஸ்டருக்கு மீசை உண்டு.

கதை இப்போது முக்கியமான இடத்தில் நிற்கிறது. கப்பலை அடுத்த நட்சத்திரத்துக்குக் கொண்டுபோகலாமா, நீயும் வருகிறாயா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். அவ்வளவு வேகத்தில் போகிறவர்களுக்கு வயது ஏறாதாம். திரும்பி வந்தால் அவனுக்கு அதே பத்தொன்பதுதான் இருக்கும், அவளுக்குத் தலை நரைத்திருக்கும். போகவா என்று அவளைக் கேட்டு அனுப்புகிறான். அவள், உன் இஷ்டம் என்று அனுப்பிவிடுகிறாள். கூடத்தில் ஒரே சண்டை. "வேண்டாம்னு வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?" என்று பாதிப்பேர். "சொல்லித்தான் தெரியணுமா அவனுக்கு?" என்று மீதிப்பேர். நீங்கள் எந்தப் பக்கம்?

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறதாம். வாங்கித் தருகிறேன் என்று கட்டிங் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

பாப்பா அம்மா


29 மார்ச்

பாப்பா அம்மாவுக்கு,

நான் மிகவும் நலம். என்றைக்கும் இல்லாத அளவு நலம். ஏன் என்று கேள்.

உன் புத்தகத்தை இங்கே பழைய புத்தகக் கடையில் பிடித்துவிட்டேன். நீலநிற அட்டை, கண்ணாடிக் குல்லாய் போட்ட பையன், கையில் இலையோடு அந்தப் பெண். அவன் மூஞ்சியைப் பார்த்தேன். இதற்கா இவ்வளவு? எங்கள் துவைக்கிற மிஷினுக்குள் ஒரு சுற்று விட்டு எடுத்தமாதிரி வெளுத்துப்போய் இருக்கிறான்.

கடைசி வரைக்கும் படித்துவிட்டேன். நீயும் உன் கூடமும் வீணாக மனசைக் கொடுத்து ஏமாறவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அவன் அடுத்த நட்சத்திரத்துக்குப் போய்விடுகிறான். போன இடத்தில் கேப்டன் மகளைக் கட்டிக்கொள்கிறான். இரண்டு பிள்ளைகள். செடிக்காரியை ஒரு வார்த்தைகூட நினைக்கவில்லை. அவ்வளவுதான் கதை. காஜா அக்காவிடமும் பக்குவமாகச் சொல்லிவிடு, வயதானவர்.

ஆகவே இரண்டாம் பாகத்துக்காக மீசைக்காரர் கடை கடையாக ஏறி இறங்கவேண்டாம். அவருக்கு வெட்ட எவ்வளவோ துணி இருக்கும்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டாயே, இதில் பக்கம் என்ன இருக்கிறது? இஷ்டம் என்றால் இஷ்டம்தானே. சூப்பர்வைசர் மறுபடி கேட்டார். கையெழுத்துப் போடலாம் என்றுதான் இருக்கிறேன்.

வெற்றியோடு,
உன் வீட்டுக்காரன்


26 ஏப்ரல்

பாப்பா அம்மாவுக்கு,

நலம். போன கடிதம் வந்ததா? தபாலில் தொலைந்துவிட்டதென்றால் நல்லதாகப் போயிற்று. வந்துவிட்டதென்றால், அதில் எழுதினதை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நம் வீட்டில்தான் போன் இல்லையே, பாப்பா விடுதிக்குப் போன் போட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்கப்பா" என்றாள். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

கோபமா? கதை முடிவைச் சொன்னதற்கா, மீசையைச் சொன்னதற்கா? எதற்கு என்று தெரிந்தால் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்பேன்.

உன் வீட்டுக்காரன்


14 மே

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலமில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

புத்தகத்தை முழுக்கப் படித்தேன் என்று எழுதினது பொய். அட்டையை மட்டும்தான் பார்த்தேன். கேப்டன் மகள், இரண்டு பிள்ளைகள் எல்லாம் என் சொந்தச் சரக்கு. நீ பதில் போடாத பிறகுதான் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரித்தேன். எனக்குப் படிப்பு வேகம் உனக்குத் தெரியும். விரலை வைத்து வரி வரியாகப் போகிறேன். நடுவில் விஞ்ஞானம் வந்தால் மேல்கட்டில்காரர் விளக்குவார். அவருக்கும் தெரியாது, ஆனாலும் விளக்குவார்.

ஒரு இடம் வந்தது. கூடாரத்தின் கண்ணாடி உடைந்து, காற்று வெளியேறி, அவள் செடியெல்லாம் போய், அவளும் மருத்துவ அறையில் கிடக்கிறாள். அங்கிருந்து அவனுக்குப் பேசி அனுப்புகிறாள். "இங்கே எல்லாரும் நலம்" என்கிறாள். அவன் பயணம் கெட்டுவிடக்கூடாதாம். அவன் அதைக் கேட்டுவிட்டுச் சந்தோஷமாகச் சாப்பிடப்போகிறான். மடையன்.

மேல்கட்டில்காரர், "பாவம்யா அந்தப் பொண்ணு" என்றார். நான் உன் கடிதங்களை எடுத்தேன். எல்லாவற்றிலும் அதே வரி. எல்லாம் கோணல் எழுத்து. இருபது வருடத்துக்கு மேல் உன் கையெழுத்தைப் பார்க்கிறேன், நீ ஜுரத்தில் எழுதினால்கூட நூல் பிடித்தது மாதிரி இருக்கும். கூடத்தில் நீ மட்டும் ஏன் பொத்தான் தைக்கவில்லை? கதை படிக்கிறாய் என்று உன் சட்டைகளையும் சேர்த்துத் தைக்க அவர்கள் என்ன உன் மாமியார் வீட்டு ஆட்களா? இதெல்லாம் கண்ணெதிரே இருந்தது. நான் மீசையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உனக்கு என்ன ஆச்சு? மறைக்காமல் எழுது.

உன் வீட்டுக்காரன்


1 ஜூன்

பாப்பா அப்பாவுக்கு வணக்கம்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

டிசம்பரில் சட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. இடது கையால்தான் உங்களுக்கு எழுதினேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், பழகிவிட்டது. எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று ஏப்ரலில் மறுபடி பிரித்துக் கட்டினார்கள். அதனால்தான் பதில் போடவில்லை, கோபம் இல்லை. கட்டு அவிழ்த்தாயிற்று. கட்டைவிரல் மடங்கவில்லை. ஊசி பிடிக்கவராது என்கிறார் டாக்டர்.

விழுந்த அன்று கட்டிங் மாஸ்டர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அவரைப் பார்த்து, "நீங்க இவங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். "இல்லைங்க, அவர் தூரத்துல இருக்கார். நான் துணி வெட்டுறவன்" என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தாமல் இருக்க, படிக்கிற யோசனையும் அவருடையதுதான். "கூடத்துல சத்தமா படிங்க, வேலை நல்லா ஓடுதுன்னு நான் முதலாளிகிட்ட சொல்றேன்" என்றார். அவருக்கு வயது அறுபத்தைந்து. மீசை வெள்ளை.

புத்தகத்தைப் பற்றி உங்களுக்கு முதலில் எழுதினபோதே அதை இரண்டு தடவை படித்து முடித்திருந்தேன். கட்டுப் போட்ட கையோடு வேறு என்ன செய்வது? உங்களைச் சீண்டினால் நாலு வரி எட்டு வரியாகுமா என்று பார்த்தேன். ஆயிற்று. கேப்டன் மகள் என்று எழுதினீர்களே, அந்தக் கேப்டன் ஒரு பெண். கல்யாணமே ஆகாதவள். கூடம் முழுக்க அன்றைக்குச் சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசியில் கையெழுத்துப் போடலாம் என்று எழுதியிருந்த வரியை மட்டும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் ஓடி வந்துவிடுவீர்கள். வந்துவிட்டு, "உன் கைக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்" என்று ஒவ்வொரு சண்டையிலும் சொல்லிக்காட்டுவீர்கள். ஆயுசு முழுக்க அதைக் கேட்கிறதுக்கு, மடங்காத விரலே மேல்.

அதனால் கைக்காக வரவேண்டாம். கையெழுத்து விஷயம் இப்போதும் உங்கள் இஷ்டம்தான்.

பாப்பா அம்மா


17 ஜூன்

பாப்பா அம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு ஷிப்ட் விரிப்புகளைக் கிழிகிற மாதிரி உதறினேன். மேல்கட்டில்காரர் பயந்து வெங்காயத்தை நிறுத்திவிட்டார்.

முதலில் திட்டிவிடுகிறேன். பாப்பாவுக்குத் தெரியும். காஜா அக்காவுக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியும். உன் கையை முன்னே பின்னே பார்த்திராத டாக்டருக்குத் தெரியும். எனக்கு மட்டும் கப்பல்காரன் கதை. நன்றாக இருக்கிறது நியாயம்.

இதுவரைக்கும் நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை, விளையாட்டு. நிஜப் பொறாமை இப்போதுதான் வந்திருக்கிறது. அந்தப் பெரியவருக்கு மீசை வெள்ளையாக இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் என்ன? நீ விழுந்த படியில் அவர் நின்றார். நீ வலியில் கத்தினதை அவர் கேட்டார். "வீட்டுக்காரரா" என்று டாக்டர் கேட்டபோது பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தார், அது நான் இல்லை. அவர் நல்ல மனுஷர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கும்பிடும்போதே வயிறு எரிகிறது. என்ன செய்ய?

நேற்று சூப்பர்வைசர் காகிதத்தை நீட்டினார். போடவில்லை என்றேன்.

"ஏன்யா? மூணு வருஷம் சும்மா வருதா?"

"உடம்பு சரியில்ல சார்."

"என்ன உடம்புக்கு?"

"வயித்தெரிச்சல்."

"அட, அதுக்கா போற? நாம இருக்கிறதே ஆஸ்பத்திரி. மேல போய் மருந்து வாங்கு."

"இது வேற எரிச்சல் சார். ஊர்லதான் கேக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "எனக்கும் இருந்துச்சு. நான் போகல" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டிக்கெட் எடுத்தாயிற்று. வந்து என்ன வேலை பார்ப்பாய் என்று கேட்காதே. அழுக்குத் துணி இல்லாத ஊர் எங்கேயாவது இருக்கிறதா?

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் கைக்காக நான் வரவில்லை. உன் கைக்கு டாக்டர் இருக்கிறார், கூடம் இருக்கிறது, நல்ல மனுஷர் ஒருத்தர் இருக்கிறார். நான் பொறாமையில் வருகிறேன். உன் பக்கத்தில் நிற்கிற இடத்தை வேறு ஒருத்தர் பார்த்துக்கொள்கிறாரே என்கிற ஒரே காரணம். நாளைக்குச் சண்டையில் நான் இதை எப்படிச் சொல்லிக்காட்ட முடியும்? காகிதப் பையனுக்கும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் பயந்து ஓடிவந்தவன் என்று நீதான் ஆயுசு முழுக்க என்னைச் சொல்லிக்காட்டப்போகிறாய். காட்டு.

புத்தகத்தில் கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கிறது. போகிறானா இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. ரயிலில் படித்துக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. வந்து சேரும்போது வாங்குகிறதுக்கு இங்கே ஆள் இருக்காது.

உன் வீட்டுக்காரன்